மகிழ்ச்சி இல்லம்

பிரிந்துவிடலாமா என்று முதலில் கேட்டது கணவர்தான். விடுமுறை நாள் காலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நகரத்து நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுபவர் அவர். தெருவில் எல்லோருக்கும் பம்ப்காரர். ஊருக்கே தண்ணீர் விடுகிற மனிதருக்கு வீட்டுக் குழாய் சொட்டுவது கண்ணில் பட மாதக்கணக்கில் ஆகும். அன்றைக்கு என்னவோ, யாரும் சொல்லாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, நாம பிரிஞ்சிடலாமா?"

அவள் அவித்த முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நானே எப்படிக் கேக்குறதுன்னு முழிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அவர் திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் அவர்கள் சிரித்தது அதற்கு முன்னால் எப்போது என்று இருவருக்குமே நினைவில்லை.

பகை என்று எதுவும் இல்லை. கல்யாண வயது வந்ததும் சமயச் சபையில் கூப்பிட்டு இன்னாருக்கு இன்னார் என்று சொன்னார்கள், இருவரும் தலையாட்டினார்கள். அவர் நல்ல மனிதர். அவளும் குறை சொல்ல முடியாதவள். ஒரே பேருந்தில் பக்கத்து இருக்கை கிடைத்த இருவர் போல, இடித்துக்கொள்ளாமல், பையை எடுத்து வழிவிட்டு, இத்தனை காலம் வந்துவிட்டார்கள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், போன வருடம் கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாள். அவள் போன பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. அதுவரை பேசியது முழுக்க மகளைப் பற்றித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவருக்குத் துறைமுகத்தில் ஓர் அண்ணன். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஓர் அலமாரி. முதலாளி ஒரு நாள் பழைய பிரேம்களை எடுத்து வரச் சொல்லி அனுப்பியபோது பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த அறையின் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் நினைத்தவுடன் பிரிந்து போகிற ஊர் அல்ல அது. பிரிவுத் தாள் இல்லாமல் கல்யாணமான பெண்ணுக்கு யாரும் அறை கொடுக்க மாட்டார்கள். ஆணுக்கு வேறு ஊரில் வேலை மாற்றம் கிடைக்காது. தாளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று சபையினுடையது, மற்றொன்று குடும்ப நலத்துறையினுடையது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

அவள் அம்மா காலத்தில் அது முழுக்கச் சபைக் கட்டடம். அங்கே குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்து, பொறுத்தவருக்கு மறுமையில் இன்பம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டான். அழக்கூடாது என்று சபையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். குழந்தை இன்பத்துக்குப் போயிருக்கிறது, அழுதால் அது மேலே இருப்பவனைக் குறை சொன்னதாகும் என்றார்கள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

பிறகு ஆட்சி மாறியது. புது அரசாங்கம் சபையைப் பூட்டி, சுவரில் பெரிய எழுத்தில் 'இன்பம் இங்கே, இப்போதே' என்று எழுதியது. பள்ளியில் காலையில் வரிசையாக நின்று 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்பா இறந்தது அரசாங்க வெற்றி விழா வாரத்தில். வட்டாரச் செயலாளர் வீட்டு வாசலில் நின்று, மிகுந்த மரியாதையோடு, "விழா முடியட்டும்மா, அப்புறம் அழுதுக்கலாம்" என்றார். விழா முடிந்தபோது அம்மாவுக்கு அழுகை வரவில்லை. எந்த ஆட்சியிலும் அழாமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம், அவள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், அரசாங்கமும் சபையும் சமாதானமாகிவிட்டன. எப்படி, ஏன் என்று யாரும் விளக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு வைத்து, இடப் பக்கம் சபை, வலப் பக்கம் நலத்துறை என்று ஆகியிருந்தது. தடுப்பு கூரையைத் தொடவில்லை. ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும்.

முதலில் இடப் பக்கம் போனார்கள். சபைப் பெரியவர் வயதானவர், கண்பார்வை மங்கியவர். அவர் போட்டிருந்த கண்ணாடி அவள் தேய்த்துக் கொடுத்ததுதான். பிரியமாக உட்கார வைத்தார்.

"என்ன கஷ்டம், சொல்லுங்க."

"கஷ்டம்னு ஒண்ணும் இல்லைங்க" என்றார் கணவர்.

"பின்ன?"

"ரெண்டு பேருக்கும் தனியா இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, கஷ்டம் இருந்தா பொறுத்துக்கணும். கஷ்டம் இல்லேன்னா நன்றி சொல்லணும். இந்த ரெண்டுல பிரிவு எங்க வருது?"

 அவர் சொன்னதில் ஓட்டை தேடிப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்தும் வாசல் தென்படவில்லை.

வலப் பக்கம் நலத்துறை அதிகாரி ஓர் இளம்பெண். மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடிக்கிறாரா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"காய்ச்சலுக்குக் கஷாயம் குடிக்கவே அழுவார்."

"வேற யாராவது... ரெண்டு பேர்ல யாருக்காவது?"

"ஐயையோ, இல்லம்மா" என்றார் கணவர். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"சண்டை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சண்டையா? அதற்கெல்லாம் ஒருவர் மேல் ஒருவருக்கு அக்கறை வேண்டுமே.

அதிகாரி பேனாவை மூடினாள். "அம்மா, ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சந்தோஷமாத்தான் இருக்கீங்க. உங்களுக்கே அது தெரியல, அவ்வளவுதான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவர் ஆமோதிப்பது போல ஒரு முறை இருமினார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர்தான் யோசனை சொன்னார். சண்டை வேண்டும் என்கிறார்கள், போட்டுவிட்டால் போயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரிக்குக் காது கூர்மை, மனசும் நல்ல மனசு. நலத்துறையில் விசாரித்தால் சாட்சி சொல்வாள். மறுநாள் வேலை முடிந்து வந்ததும், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்கள்.

"சோத்துல உப்பு இருக்கா பாரு!" என்று கத்தினார் கணவர். பம்ப் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அலமாரியில் டம்ளர் அதிர்ந்தது.

"உப்பு சரியாத்தான் இருக்கு!" என்று அவளும் கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லையா?" என்றாள்.

"இருக்கு, இருக்கு. நீ கத்து" என்று கிசுகிசுத்தார்.

அவள் மூச்சை இழுத்தாள். என்ன சொல்லிக் கத்துவது என்று தேடியபோது, தேடாமலே ஒன்று வாயில் வந்து நின்றது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைக் கேட்டிருக்கீங்களா?"

அது நடிப்பு அல்ல என்று கணவருக்கு உடனே தெரிந்துவிட்டது. முகம் மாறியது. கத்தாமல் கேட்டார்.

"நீ கேட்டியா?"

 உண்மைதான், அவளும் கேட்டதில்லை. வேண்டும் என்பதைக் கேட்கிற பழக்கம் அவர்கள் வளர்ந்த வீடுகளில் இல்லை. சபைக் காலத்தில் அது பேராசை. பின்னால் வந்த காலத்தில், எல்லாம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்று, எங்கே கை வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அவள் தலையில் கை வைத்தார்.

தையல்காரி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான்.

நல்ல மனசுக்காரி என்று சொன்னேன் அல்லவா, அதுதான் வினையாயிற்று. நலத்துறையிலிருந்து விசாரிக்க வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சி சொன்னாள்: "சண்டைன்னா சண்டை, தெருவே கேட்டுச்சு. ஆனா ஒரு நிமிஷம்தாங்க. ஓடிப் போய்ப் பாக்குறேன், அந்த மனுஷன் பொண்டாட்டி தலையைத் தடவிக் குடுத்துட்டு நிக்கிறாரு. என் வீட்டுக்காரர் ஒரு நாள் அப்படி நின்னிருந்தா நான் எதையும் மன்னிச்சிருப்பேன்."

அந்த வருடம் வட்டாரத்துக்கு ஒரு வீடு என்று 'மகிழ்ச்சி இல்லம்' தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். சபையும் நலத்துறையும் சேர்ந்து கொடுக்கிற முதல் பரிசு. பிரிய நினைத்து, இரண்டு வாசலுக்கும் வந்து, திரும்பிப் போய்ச் சமாதானமான தம்பதியைவிட வேறு யார் பொருத்தம்? கதவில் திருகி வைக்கிற பித்தளைப் பலகை. பலகை வைத்த வீட்டிலிருந்து பிரிவு மனு ஏற்பதில்லை என்பதை அதிகாரி விழா அழைப்போடு சேர்த்துச் சொன்னாள், நல்ல செய்தி சொல்வது போல.

மேடையில் சொல்ல வேண்டிய வாசகத்தை இரண்டு பக்கமும் கலந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். சபைக்குப் பொறுமை வர வேண்டும், நலத்துறைக்கு அரசு வர வேண்டும். "பொறுமையாலும் அரசின் துணையாலும் நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்." அவள் சொன்னாள். பள்ளியில் வரிசையில் நின்ற அதே குரல், தானாக வந்தது. கணவர் பம்ப் குரலில் சொன்னார், ஒலிபெருக்கி கீச்சிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள்.

விழாவுக்கு மகள் வந்திருந்தாள். பிரிகிற விஷயம் காதில் விழுந்தபோது தொலைபேசியில் அப்படிக் கத்தியவள். 'உங்களுக்கு வெக்கமா இல்லையா, என் மாமியார் வீட்டுல என்ன சொல்லுவாங்க' என்று. இப்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறுதலில் அழுகிறாள் என்று அம்மா நினைத்தாள். சாப்பிட்டு முடித்துச் சமையலறையில் இருவரும் பாத்திரம் கழுவும்போதும் மகள் அழுகையை நிறுத்தவில்லை.

"என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

மகள் தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போறாரும்மா. பாதுகாப்புக்காம். மாமியாரும் பேட்டை சபைக்குப் போயிடுவாங்க. சாயந்திரம் வரைக்கும் நான் உள்ளதான்."

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. "எப்ப இருந்து?"

"கல்யாணமானதுல இருந்து. அவருக்கு லீவு இருந்த நாள்ல அங்க சபையில போய்ச் சொன்னேன். காவல் இருக்கிற வீட்டுலதான் நிம்மதி இருக்கும்னாங்க. நலத்துறையில போய்ச் சொன்னேன். அடிக்கிறாரான்னு கேட்டாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"வந்துடலாம்னு இருந்தேம்மா. அப்பதான் நீங்க பிரியப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். வீடே இல்லாம போச்சுன்னா எங்க வருவேன்? அதான் அப்படிக் கத்தினேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப வீடு இருக்கு. ஆனா வர முடியாது. விழா படத்தைப் பெருசாக்கி எங்க வீட்டுக் கூடத்துல மாட்டப் போறாராம். இவ்வளவு சந்தோஷமான வீட்டுல வளர்ந்தவளுக்குக் குறை சொல்ல என்ன இருக்குன்னு இப்பவே கேக்குறார்."

மகள் போன மறுநாள் அவள் கடையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து பலகையைக் கழற்றினாள். செய்தித்தாளில் சுற்றிக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"இது எங்களுக்கு வேண்டாம்."

அதிகாரி பிரித்துப் பார்த்தாள். எழுந்து கதவைச் சாத்தினாள். "அம்மா, இதைத் திருப்பி வாங்க எங்ககிட்ட ஏற்பாடே இல்ல. நீங்க வச்சிட்டுப் போனீங்கன்னா நாளைக்கு ஆள் வந்து மறுபடி மாட்டுவாங்க. அந்த ஆளுக்கும் உங்களுக்கும் சேர்த்து நான் பதில் சொல்லணும்."

அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. பூட்டு என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து, ஏதோ தேடுகிறவள் போலப் புரட்டி, தடுப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"பெற்றோரில் ஒருவர் படுக்கையில் இருந்தால், மணமான மகள் பிறந்த வீட்டில் தங்கிப் பணிவிடை செய்யலாம். கால வரம்பு இல்லை. பெற்றோர் இருவரும் ஒரே வீட்டில் வாழ்பவர்களாக இருக்க வேண்டும்." புத்தகத்தை மூடினாள். "நீங்க கேட்டதுக்கு இதுல ஒண்ணும் இல்லம்மா. போயிட்டு வாங்க."

அவள் பலகையைத் திரும்பச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு இருவரும் துறைமுகத்து அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. கடைக்கு மேலிருந்த அறையை முதலாளி ஒரு தட்டச்சுக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டதை அவளும் சொல்லவில்லை.

அவர் நீண்ட நேரம் துண்டால் காலைத் துடைத்தார். "எனக்கு முதுகு வலி தாங்கல, தெரியுமா?"

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்து."

அவள் அவரையே பார்த்தாள். "நான் படுக்கிறேனே. உங்களுக்கு வெளிய சுத்தாம இருக்க முடியாது."

"நீ படுத்தா சம்பளம் போச்சு, கடைக்காரர் வேற ஆளைப் போட்டுடுவார். எனக்கு ஓய்வூதியம் வரும். அதுவும் இல்லாம..." நிறுத்தினார். "நீ அந்தக் கடையிலயாவது இருக்கணும்."

உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டது அந்த விதமாகத்தான்.

பலகையை அவள் மறுபடி கதவில் திருகினாள். வைத்தியர் சந்தேகப்படவில்லை, பலகை வைத்த வீட்டில் பொய் சொல்வார்களா? மருமகனே மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். மகிழ்ச்சி இல்லத்தில் பணிவிடை செய்ய மனைவியை அனுப்பியது அவன் ஊரில் அவனுக்குப் பெருமையாகிவிட்டது. போகும்போது பூட்டுச் சாவிக்கொத்தைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டான். மகள் வாசலில் நின்று, அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்து, அதன் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். முதல் ஒரு வாரம் அவள் கதவைச் சாத்தவே விடவில்லை.

வீட்டில் இரண்டே அறை. வாசலறைக் கட்டிலில் கணவர். உள்ளறையில் மகள். அம்மாவுக்குச் சமையலறைக்கும் உள்ளறைக்கும் இடையில், யார் நடந்தாலும் தாண்டிப் போக வேண்டிய இடம். நகரத்தின் வால்வுகளையெல்லாம் நடந்தே பார்த்து வந்த மனிதர் பகலில் ஜன்னல் பக்கம்கூட வர முடியாது, தையல்காரி கண்ணில் பட்டுவிடுவார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நடந்து நடந்து அங்கே தரையில் நிறம் போயிற்று. எரிச்சலில் சில நாள் உண்மையாகவே சண்டை வந்தது. அப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கத்தாமல் சண்டை போட்டார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம் சபைப் பெரியவரும் அதிகாரியும் நோயாளியைப் பார்க்கச் சேர்ந்தே வந்தார்கள். கணவர் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பெரியவர் நெற்றியில் கை வைத்தார்.

"வலி ஒரு வரம் தம்பி. எல்லாருக்கும் குடுக்க மாட்டான்."

"சீக்கிரம் எழுந்து நடக்கணும் ஐயா" என்றாள் அதிகாரி. "நம்ம வட்டாரத்துல உற்சாகம் குறையக் கூடாது."

"ஆகட்டும்மா" என்றார் கணவர், இருவருக்கும் பொதுவாக.

அதிகாரி புறப்படும்போது மகளை ஒரு கணம் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.  பெரியவருக்குப் படி தெரியாமல் தடுமாறியது. அவர் கண்ணாடியின் பவர் மாற்ற வேண்டும், கடைக்கு வரச் சொல்லி அம்மா அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மகள் அடுப்பில் டீ வைத்திருந்தாள். ஏதோ சொல்லித் தகப்பனும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் கொடியிலிருந்து கடைக்குப் போகிற துணியை எடுத்தாள்.

மகள் டம்ளரை நீட்டியபடி, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "அம்மா, எனக்காகத்தானே இதெல்லாம்?"

"உனக்காகத்தான்."

"உனக்குக் கோவமா?"

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். பொய் சொல்லலாம். இந்த வீட்டில் அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தபோது அதற்கு மனம் வரவில்லை.

"கோவம் இல்ல பாப்பா. உன்னைத் திருப்பி அங்க அனுப்பவும் மாட்டேன், செத்தாலும் மாட்டேன். ஆனா எனக்கு இது பிடிச்சிருக்குன்னு மட்டும் நினைச்சுக்காத. எனக்குத் தனியா இருக்கணும். இப்பவும் இருக்கணும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டிலிலிருந்து கணவர், "எனக்குந்தான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது. தெருவில் தையல்காரி, வீட்டுக்காரர் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.